பின் கேட் வழியாக வந்த பிள்ளைகள்

எழுதித் தாங்க அக்கா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நீட்டி எழுத வராது. பாடசாலைச் சிற்றூழியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மணி அடிப்பதையும் மண்டபம் கூட்டுவதையும் நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். நன்றாகப் பழகிய கை செய்த பிழை அது.

கண்டியிலிருந்து புசல்லாவைக்குப் போகிற வீதியில்தான் எங்கள் பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகள் மட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை. பாதிப் பேர் பக்கத்திலிருந்து நடந்து வருவார்கள். மீதிப் பேர் மேலே தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருவார்கள்.

என் வேலைகளில் எனக்குப் பெருமையான வேலை வரவு இடாப்பு எடுப்பது. ஏழரைக்கு மணி. வகுப்பாசிரியர் இடாப்பில் வரவு போடுவார். வந்த பிள்ளைக்கு நீலக் கோடு. வராத பிள்ளைக்குச் சிவப்பு வட்டம். சரியாக ஏழே முக்காலுக்கு நான் வகுப்பு வகுப்பாகப் போய் இடாப்புகளை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு வருவேன். வாசலில் ஒரு பலகை. இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் சோக்கால் எழுதுவேன். எட்டு மணிக்கு அதிபர் இடாப்புகளில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்த பிறகு அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஒரு நாளும் நான் பிந்தியதில்லை. மழை, காய்ச்சல், எதுவானாலும் ஏழே முக்கால். “அக்கா வாசல்ல நிண்டா மணிக்கூடு தேவல்ல” என்று ரிஹானா டீச்சர் சொல்வார். அக்குறணையிலிருந்து வருகிறவர். கணிதம் படிப்பிக்கிறவர். பதினொன்று பீயின் வகுப்பாசிரியர். அவர் அப்படிச் சொன்னால் எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷம்.

ஒரு தை மாதத்திலிருந்து தூரத் தோட்டம் ஒன்றின் முதல் பஸ் சில கிழமை ஒரு நாள், சில கிழமை மூன்று நாள் என்று வராமல் போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த பஸ் எங்கள் சந்திக்கு வந்து சேர எட்டு மணி ஆகும். பிந்தி வருகிற பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம். முன் கேட்டில் நிற்க வேண்டும். வொச்சர் அண்ணன் ஒரு கொப்பியில் பெயர் எழுதுவார். ஒரு கிழமையில் மூன்று தரம் பெயர் விழுந்தால் அம்மாவைக் கூட்டிவர வேண்டும். அம்மா வந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் அவளுக்குப் பேர் விழாது, நாள் சம்பளம் போய்விடும். அம்மாமார் எத்தனை தரம் வருவார்கள்? இரண்டாம் கிழமையே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது.

குசினிக்குப் பின்னால் ஒரு சின்னக் கேட் இருக்கிறது. விறகு கொண்டுவரும் கேட். திறப்பு என்னிடம். நான் அதைத் திறந்தேன்.

பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள். முதல் பஸ் வராத நாளில் எட்டு மணிக்கு ஓடி வருவார்கள். திறந்து உள்ளே விட்டுப் பூட்டிவிடுவேன். சத்தம் போடாமல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பெயர் எழுதுவது இல்லை. அம்மா வர வேண்டியதும் இல்லை.

அவர்களில் பதினொன்று பீ பிள்ளை ஒன்று. பெயர் திலக்சனா. மெலிந்த பிள்ளை. வாய் மட்டும் பெரிது.

“ஆன்ட்டி, உங்களுக்குச் சொர்க்கத்துல பின் கேட்டத் தொறந்து வைப்பாங்க.”

“அங்கயும் என்னத்தான் டீ ஊத்தச் சொல்வாங்க. ஓடு உள்ள.”

இப்படி மாதக் கணக்கில் நடந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். நல்லதுதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் ஒன்றை யோசிக்கவே இல்லை.

மூன்றாம் தவணையில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் புள்ளி போட வருகிறவர்கள். இரண்டு நாள். பெறுபேறு, வரவு, இடைவிலகல், எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினார்கள். அதிபர் மேடம் ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மண்டபத்துச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தோம்.

குழுவுக்குத் தலைவி ஒரு மேடம். யாழ்ப்பாணப் பக்கம். நரைத்த தலை, தட்டையான செருப்பு, சுவரைப் பார்க்கவே இல்லை. அவரோடு வந்த சேர் லெப்டொப்பும் கையுமாக இருந்தார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி. அதிபர் அறைக்குத் தேநீர் கொண்டுபோனேன். உள்ளே அதிபர், ரிஹானா டீச்சர், அந்த மேடம், அந்த சேர். சேர் லெப்டொப்பைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், பதினொன்று பீ. இந்தப் பிள்ளையப் பாருங்க. நூத்துக்கு அறுபத்தாறு நாள்தான் வந்திருக்கு. ஆனா தவணைப் பரீட்சையில கணிதம் ஐம்பத்தெட்டு. விஞ்ஞானம் அறுபத்தொண்ணு. வராத பிள்ளை எப்படி எழுதுச்சு?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்” என்றார் மேடம்.

“என்ன யோசனை? மார்க்ஸ் போட்டுக் குடுத்திருப்பாங்க. ரிசல்ட் நல்லாக் காட்டணுமே.”

ரிஹானா டீச்சர் கதிரையை விட்டு எழும்பினார். “சேர், நான் இருவது வருஷமாப் படிச்சுக் குடுக்கிறன். ஒரு புள்ளைக்கும் சும்மா ஒரு மார்க் போட்டதில்ல. அப்படிச் சொல்றதுக்கு முந்தி விடைத்தாள எடுத்துப் பாருங்க.”

“அப்ப இடாப்பு பொய்யா?”

“நான் வகுப்புல ஈந்த புள்ளைக்குக் கோடு போட்டன். இல்லாத புள்ளைக்கு வட்டம் போட்டன். பொறகு வகுப்புல காணுவன்தான். பிந்தி வந்தீக்கும், கேட்டுக் கொப்பியப் பாத்து ஆபீசுல வேறயாக் கணக்குல சேத்துக்குவாங்க எண்டு நெனச்சன்.”

“கேட்டுக் கொப்பியில அந்தப் பிள்ளை பெயர் ஒரு நாள் கூட இல்லையே.”

அதிபர் மேடம் கையைப் பிசைந்தார். “ஓஎல் பரீட்சைப் பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை போகணும். எண்பது வீதம் வரவு இல்லாட்டி நான் கையெழுத்து வைக்க முடியாது. பிரைவட்டா எழுதச் சொல்ல வேண்டியதுதான்.”

தட்டு என் கையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏழே முக்காலுக்கு இடாப்பை எடுத்தது என் கை. எட்டு மணிக்குப் பின் கேட்டைத் திறந்தது அதே கை. பிள்ளை வந்தாள். வந்ததற்கு எங்கேயும் ஓர் எழுத்து இல்லை. பெயர் விழாமல் காப்பாற்றினேன் என்று இருந்தேன். இருக்க வேண்டிய இடத்திலும் பெயர் விழாமல் செய்துவிட்டேன்.

பிரைவட்டாக எழுதுவது ஆபீசில் ஒரு படிவம். தோட்டத்து லயத்து வீடுகளில் அப்படி இல்லை. பள்ளிக்கூடம் பெயரை வெட்டிவிட்டது என்று அர்த்தம். திலக்சனாவின் மாமா கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். ஓஎல் முடியட்டும் என்று அம்மா மறித்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட்டில் பிள்ளையே சொன்ன கதை. பெயர் வெட்டுப்பட்டால் அம்மாவால் மறிக்க முடியாது.

தேநீரை வைத்தேன். வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவினேன். பென்ஷனுக்கு நான்கு வருஷம் இருந்தது. பெண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அனுமதி இல்லாமல் கேட்டைத் திறப்பது சின்னக் குற்றம் இல்லை. அதுவும் சும்மா ஒரு நாள் இல்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க அக்கா” என்று அதிபர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

போனேன். கூட்டி வந்தேன். படியில் வரும்போது கேட்டாள்.

“எதுக்கு ஆன்ட்டி?”

“வரவு கொறைஞ்சிருக்காம்.”

அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் நடந்தாள்.

மேடம் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

“பயப்பிடாதையும் பிள்ளை. ஏன் இத்தினை நாள் வரேல்லை? வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“வேலைக்குப் போனனீரோ?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப என்ன? வாய் இல்லையா?” என்றார் சேர்.

அந்த வாயாடிப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கி இருந்தது. விழவிடவில்லை. என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அவ வந்தா மேடம்” என்றேன். “எல்லா நாளும் வந்தா.”

அதிபர் திரும்பினார். “நீங்க போங்க அக்கா. இது உங்க வேலை இல்ல.”

“என் வேலைதான் மேடம். நான்தான் இடாப்பு எடுக்கிறது. நான்தான் பின் கேட்டத் தொறந்து விட்டது.”

சொன்னேன். பஸ் வராத நாட்கள், எட்டு மணி, பதின்மூன்று பிள்ளைகள், எல்லாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. அதிபர் மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாண மேடம்தான் முதலில் பேசினார்.

“இடாப்பைத் தூக்கினதும் நீங்கள். கேட்டைத் திறந்ததும் நீங்கள்.”

“ஆமாங்க.”

“ரெண்டையும் சேர்த்து யோசிக்கேல்லை.”

“இல்லீங்க.”

“உங்களை விடப் படிச்ச நாலு பேர் இந்த அறைக்குள்ள இருக்கிறம். நாங்களும் பஸ் எத்தினை மணிக்கு வருகுது எண்டு கேக்கேல்லை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்கள் சொன்னதை நான் நம்பிறன். ஆனா நம்பிறதை அறிக்கையில எழுத ஏலாது. கையில ஏதும் வேணும்.”

“இடாப்பத் திருத்திட்டாப் போச்சு மேடம்” என்றார் சேர். “டீச்சரும் வகுப்புல கண்டேன்னு சொல்றாங்களே.”

“ஒரு வட்டத்தைக் கோடாக்கினா, மிச்சக் கோடுகளை நான் என்னெண்டு நம்புறது? இடாப்பில ஒருத்தரும் தொடக் கூடாது.”

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. திடீரென்று ரிஹானா டீச்சர் மேசையில் தட்டினார்.

“கொப்பி! மேடம், எண்ட புள்ளையள் திகதி போடாம ஒரு வரி எழுதாதுகள். வேற டீச்சர்மாரும் அப்படித்தான். கொப்பிகளக் கொண்டுவந்து பாருங்களே.”

நான் ஓடினேன். திலக்சனாவின் எல்லாப் பாடக் கொப்பிகளையும் அள்ளிக்கொண்டு வந்தேன். பழைய கொப்பிகள் வகுப்பு அலுமாரியில் கட்டி வைத்திருந்தன. அதையும் தூக்கி வந்தேன்.

சேர் இடாப்பில் சிவப்பு வட்டம் உள்ள திகதியை வாசித்தார். மேடம் கொப்பியைப் புரட்டினார்.

“மாசி பதினொண்டு.”

“இருக்கு. விஞ்ஞானம். டீச்சரின்ர கையெழுத்தும் இருக்கு.”

“பதினாலு.”

“இருக்கு.”

பகல் ஒன்றரை வரை நடந்தது. முதல் பாடத்துக் கொப்பிகளைப் பார்த்தபோது மேடம் நிறுத்தினார். சேர் பக்கம் நீட்டிக் காட்டினார். அந்த நாட்களில் எல்லாம் பக்கத்தின் மேல் பாதியில் பேனா எழுத்து இல்லை. திகதி மட்டும் இருக்கும். கணக்கு மூன்றாவதில் தொடங்கும். மேல் இரண்டையும் பிறகு கூட்டாளியின் கொப்பியைப் பார்த்துப் பென்சிலால் எழுதியிருந்தாள். சில நாள் அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. வெறுமையாகவே கிடந்தது.

சேர் அந்தப் பக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லெப்டொப்பை மூடினார்.

“டீச்சர், நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கங்க.”

“டீ ஆறிப் போச்சு சேர்” என்றார் ரிஹானா டீச்சர். “அக்கா, சேருக்கு வேற ஒண்டு ஊத்துங்களே.”

வட்டங்களில் சில உண்மையான வட்டம். காய்ச்சல் நாட்கள். அன்றைக்குக் கொப்பியிலும் ஒன்றும் இல்லை. மேடம் அதை அப்படியே விட்டார். மற்றதைக் கூட்டினால் எண்பதுக்கு மேலே வந்தது. திகதிகளை ஒரு தாளில் எழுதினார்கள். பாட ஆசிரியர்கள் கையெழுத்து வைத்தார்கள். என்னையும் எழுதித் தரச் சொன்னார் மேடம். யாராவது எழுதட்டும், நான் கையெழுத்து வைக்கிறேன் என்றேன். “இல்லை, நீங்கள் சொன்ன மாதிரியே நீங்களே எழுதுங்கோ” என்றார். நான்கு வரி. அரை மணி நேரம் ஆனது. அவர் காத்திருந்தார். ஒரு தரம்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

போகும் முன் ஆசிரியர்களைக் கூட்டிப் பேசினார். நான் கதவடியில் நின்றேன். “உங்கட பள்ளிக்கூடத்துக்கு வரவில புள்ளி குறையத்தான் போகுது. இடாப்பு சொல்லுறதைத்தான் நான் போடலாம். ஆனா ஒண்டு சொல்லுறன். எண்ணிக்கை வடிவா இருக்கிற பள்ளிக்கூடங்கள் பார்த்திருக்கிறன். போய்ப் பார்த்தா வகுப்பில பிள்ளை இராது. இங்க பிள்ளை இருக்கு, எண்ணத்தான் தெரியேல்லை. இதைத் திருத்தலாம். மற்றதைத் திருத்திறது கஷ்டம்.”

அதிபர் மேடம் குறைந்த புள்ளியை வாங்கிக்கொண்டார். திலக்சனாவின் பெயரைப் பட்டியலில் போட்டு, தாளையும் இணைத்து, தானே வலயத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கேள்வி கேட்டிருக்கிறார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த திங்கள் என்னைக் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்.

“இத நான் குடுக்கத்தான் வேணும் அக்கா.”

“குடுங்க மேடம்.”

“கோபமா?”

“இல்ல மேடம். வேலை இருக்குதானே.”

அவர் சிரித்துவிட்டார். அந்தக் கிழமையில் முதல் தரம்.

வேறு அதிபர் என்றால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். நியாயமும் இருந்தது. அவர் அனுப்பவில்லை. அன்றிலிருந்து பின் கேட் பூட்டு. பஸ் பிள்ளைகளுக்கு முன் கேட் திறந்தது. பஸ் வந்து பிள்ளைகள் உட்கார்ந்த பிறகுதான் இடாப்பு எடுப்பது, கையெழுத்து எட்டரைக்கு என்று மாற்றினார். நின்றுபோன ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுக்கு ரிஹானா டீச்சரும் நானும் போனோம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தது. “ஒங்க கேட்ட மூடிட்டு எங்க கேட்டுக்கு வேலையக் கூட்டிட்டீங்க” என்று வொச்சர் அண்ணன் ஒரு மாதம் முணுமுணுத்தார். பிறகு பஸ் பிந்துகிற நாளில் அவரே சந்தி வரை போய்ப் பார்க்கத் தொடங்கினார்.

உங்களுக்கு என்ன சொல்வது? இரக்கப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த வேலையில் அது இல்லாவிட்டால் கூட்டுமாறும் மணியும்தான் மிச்சம். ஆனால் ஒளித்துச் செய்யாதீர்கள். தை மாதமே நான் அதிபரிடம் போய், மேடம், சில நாள் பஸ் எட்டுக்குத்தான் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி. சின்ன ஆள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டுப் பார்க்காமலே. சொன்ன அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் தூக்கிக்கொண்டு நடக்கிற தாள் கனமில்லாமல் இருக்கும். நான் பத்து மாதம் அந்தப் பிள்ளையின் சிவப்பு வட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வாசிக்கத் தெரிந்தவள்தான் நான்.

அந்த மேடத்தை நான் பிறகு காணவில்லை. ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்வி. எட்டாம் வகுப்புக்காரியின் நான்கு வரியை அரசாங்கத் தாளில் சேர்த்தவர் அவர். நினைக்காத நாள் குறைவு.

திலக்சனா பரீட்சை எழுதினாள். பெரிய பெறுபேறு இல்லை. கணிதத்தில் ஸீ. உயர்தரத்துக்குப் போதும். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே தொடர்ந்தாள். மாமா பேசாமல் இருந்துவிட்டார்.

பரீட்சைக்கு முன்னால் அனுமதி அட்டை வந்த நாள். பிள்ளைகள் ஆபீசில் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள். திலக்சனா கடைசியாக வந்தாள். அட்டையை வாங்கினாள். பெயர் சரியா, இலக்கம் சரியா என்று இரண்டு தரம் பார்த்தாள். போகவில்லை. நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆன்ட்டி.”

“என்ன?”

“அன்னைக்கு நீங்க ஏன் சொன்னீங்க? நான் சொல்லியிருக்க மாட்டேன்.”

“தெரியும்” என்றேன். “அதனாலதான்.”